ஒரே கணினி, மூன்று விதமான கிராஷ்: ஆத்தங்குடிப் பட்டறையில் ஃபயர்பாக்ஸ் நைட்லி

ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டுச் சிமெண்டுக் கல், வார்க்கும் பட்டறை ஒன்றில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் நைட்லி பதிப்பு அடிக்கடி கிராஷ் ஆனது, அதாவது திடீரென்று தானாக மூடிக்கொண்டது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த கதையை முழுதாக எழுதி வைக்கிறேன். மாதக்கணக்கில் எல்லோரும் "நைட்லி அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு தொல்லைக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருந்தன. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கணினி சாதாரண மேசைக் கணினிதான். விண்டோஸ் 11, இரண்டு 4 ஜிபி ரேம். கல் வார்க்கும் கொட்டகையை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறது. அதை இரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள். காலையில் கணக்கு ஐயா உட்கார்ந்து ஆர்டர்களைத் தமிழில் ஏற்றுவார், மதியத்துக்கு மேல் தம்பி ஒருவர் பட்டறையின் இணையதளத்தையும் கல் படங்களையும் பார்ப்பார். தம்பி அழகப்பா பல்கலைக்கழகத்தில் படித்தவர். தான் செய்த பக்கம் நாளைக்கு வரப்போகும் பிரவுசரில் எப்படித் தெரியும் என்று இன்றே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே நைட்லியை வைத்திருக்கிறார்.

நைட்லி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபயர்பாக்ஸின் மூல நிரலில் அன்றன்று சேரும் மாற்றங்களை வைத்து, வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை, ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லா வெளியிடும் பதிப்பு அது. இதில் இருப்பவை சுமார் நான்கு வாரத்தில் பீட்டா என்ற அடுத்த சோதனைப் பதிப்புக்கும், இன்னொரு நான்கு வாரத்தில் எல்லோருடைய கணினிக்கும் போய்ச் சேரும். அதனால் அது விழுந்தால் "அரைவேக்காடு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடே கிடையாது. தமிழில் தட்டும்போது மட்டும் வருகிற கோளாறை தமிழில் தட்டுகிறவர்தான் கண்டுபிடிக்க முடியும், நம் ஊர்களில் நைட்லி வைத்திருப்பவர்களே குறைவு, அவர்களும் சலித்துப்போய் அதை எடுத்துவிட்டால் அந்தக் கோளாறு நேராக எல்லோருடைய வீட்டுக்கும் வந்து சேரும்.

நான் போவதற்கு முன்பே தம்பி செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்துவிட்டார். நைட்லியை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினார். அதனால் ஒன்றும் மாறவில்லை, மாறவும் மாறாது, ஏனென்றால் புக்மார்க், அமைப்பு, நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) எல்லாம் இருக்கும் ப்ரொஃபைல் தனிக் கோப்புறையில் இருக்கிறது, மறு நிறுவல் அதைத் தொடுவதில்லை. அப்புறம் 'ரிஃப்ரெஷ்' பொத்தானை அழுத்தினார். நீட்சிகள் போயின, பழைய தரவு டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையாக வந்து விழுந்தது, கிராஷ் மட்டும் போகவில்லை.

"அண்ணே, பேசாம இதத் தூக்கிட்டு சாதா ஃபயர்பாக்சே போட்டுறவா?" என்று கேட்டார்.

"போடலாம் தம்பி. ஆனா எதனால விழுதுன்னு தெரியாம போட்டா, அதுவும் நாளைக்கு விழும்" என்றேன்.

முதலில் செய்தது அறிக்கைகளைப் படித்தது. முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, கிராஷஸ் என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் அடித்தால் இதுவரை நடந்த கிராஷ்களின் பட்டியல் வரும். அனுப்பாமல் கிடந்தவை நிறைய. அவற்றை அனுப்பினால்தான் மொசில்லாவின் சர்வர் அவற்றைப் பிரித்துப் படித்து, நிரலின் எந்த ஃபங்ஷனில், அதாவது எந்தத் துண்டில், விழுந்தது என்று நமக்குக் காட்டும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிராஷ் ஆனதும் வரும் சாளரத்தில் குறிப்பு எழுதும் பெட்டி இருக்கிறதே, அதில் எழுதுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியக்கூடும். பேர், போன் நம்பர், வாடிக்கையாளர் விவரம் எதையும் அதில் போடாதீர்கள்.

ஒவ்வோர் அறிக்கையிலும் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். சிக்னேச்சர், அதாவது விழுந்த இடத்தின் அடையாளப் பெயர். எந்த ப்ராசஸ், அதாவது பிரவுசர் தன் வேலையைப் பிரித்து ஓட்டும் பகுதிகளில் எது, விழுந்தது. திறந்து எவ்வளவு நேரம் கழித்து விழுந்தது. எந்தத் தேதியில் கட்டிய பதிப்பு. இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதினோம், கூடவே அந்த நேரத்தில் கணினியில் உட்கார்ந்திருந்தது யார் என்றும் எழுதச் சொன்னேன். எல்லாவற்றையும் விட உதவியது அந்தக் கடைசி விவரம்தான்.

எழுதி முடித்ததும் கிராஷ்கள் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிட்டன. காலை நேரத்துக் கிராஷ்கள் எல்லாவற்றிலும் ஒரே சிக்னேச்சர், எல்லாமே பிரவுசரின் முதன்மை ப்ராசஸில். அதாவது முழுச் சாளரமும் ஒரேயடியாக மறைந்துவிடும். மதியத்துக்கு மேல் வந்தவற்றில் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்று எழுத்துருவை வரையும் இடத்தில், ஒன்று பக்கத்தை அடுக்கும் இடத்தில், பல ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் பயன்படாத நினைவகத்தைத் திரட்டி விடுவிக்கும் இடத்தில். பெரும்பாலும் டேப் மட்டும் விழும், சில நேரம் முழுசாக. இவை இரண்டிலும் சேராமல், தலைப்பிலேயே நினைவகம் போதவில்லை என்று எழுதியிருந்தவை சில.

பட்டறை மேஸ்திரி தேநீர் குடித்துக்கொண்டே இதைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். "எல்லாக் கல்லுலயும் ஒரே இடத்துல பூ பிசகுனா அச்சுலதான் கோளாறு. கல்லுக்குக் கல்லு எடம் மாறுனா கலவையப் பாக்கணும்." கிராஷ் அறிக்கை படிக்கும் முறையை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரே சிக்னேச்சர் திரும்பத் திரும்ப வந்தால் நிரலில் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேட வேண்டும், சிக்னேச்சர் சிதறிக் கிடந்தால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் வன்பொருளைச் சந்தேகப்பட வேண்டும்.

கணக்கு ஐயாவின் கிராஷ்

காலை அறிக்கைகளில் விழுந்த இடம் ஃபயர்பாக்ஸின் நிரலே இல்லை. சிக்னேச்சரில் ஒரு டிஎல்எல் (மற்ற மென்பொருளுக்குள் ஏறி ஓடும் நிரல்) கோப்பின் பெயரும் அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. வெளியார் கோப்பு என்றால் அதன் சிம்பல் விவரம், அதாவது எந்த இடம் எந்த ஃபங்ஷன் என்ற பட்டியல், மொசில்லாவிடம் இருக்காது, அதனால் ஃபங்ஷன் பெயருக்குப் பதில் எண் வரும்.

அந்தக் கோப்பைத் தேடிப் போவதற்கு முன் பிரவுசருக்குள் இருக்கும் காரணங்களைக் கழித்துவிடலாம் என்று ஷிஃப்டை அழுத்திக்கொண்டே நைட்லியைத் திறந்து டிரபிள்ஷூட் மோடில் போனோம். நீட்சிகள், தீம், வன்பொருள் முடுக்கம் எல்லாம் அதில் அணைந்திருக்கும். கணக்கு ஐயாவைத் தட்டச் சொன்னோம், விழுந்தது. புது ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி அதிலும் தட்டச் சொன்னோம், அதிலும் விழுந்தது. ஆக, ப்ரொஃபைலுக்கும் நீட்சிக்கும் சம்பந்தமில்லை.

விண்டோஸில் அபவுட் தேர்ட்-பார்ட்டி என்று ஒரு பக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து ஃபயர்பாக்ஸுக்குள் ஏறிக்கொண்டிருக்கும் கோப்புகளை எல்லாம் காட்டும். அச்சுப்பொறி, ஆன்டிவைரஸ், கிராஃபிக்ஸ் டிரைவர் என்று வழக்கமானவற்றுக்கு நடுவே நம் டிஎல்எல் இருந்தது. பழைய தமிழ் விசைப்பலகை மென்பொருள் ஒன்றின் கோப்பு. பெயர் வேண்டாம், அதைச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் தமிழுக்கு நல்லதுதான் செய்தார்கள்.

கணக்கு ஐயா தட்டச்சுப் பயிலகத்தில் கற்றவர், விரல்கள் பழைய டைப்ரைட்டர் முறையில்தான் ஓடும். அந்த முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்க வேண்டும். 'செ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ச. யூனிகோடு வரிசை நேர் எதிர், அதில் ச முதலில், கொம்பு பிறகு. எனவே கொம்பை அடித்ததும் இந்த மென்பொருள் அதைத் திரையில் போட்டுவிட்டு, அடுத்த எழுத்து வந்ததும் போட்டதை அழித்து, இரண்டையும் மாற்றி வைத்துத் திரும்ப அனுப்பும். இதைச் செய்ய விண்டோஸில் ஓடும் எல்லா மென்பொருளுக்குள்ளும் ஒரு கொக்கியைப் போட்டு, விசைகளை வழியிலேயே பிடிக்கிறது.

இது தெரிந்ததும் சோதனை எளிதாகிவிட்டது. 'ஆத்தங்குடி' என்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒன்றும் ஆகவில்லை, கொம்பே இல்லாத சொல். 'சென்னை' என்று முகவரிக் கட்டத்தில் வேகமாக அடித்தால், கீழே பழைய முகவரிகள் விரியும் நேரத்தில், சாளரம் போய்விடுகிறது. 'காரைக்குடி'யும் அப்படித்தான், 'ரை'யில் வரும் ஐகாரக் குறியும் முன்னால் அடிக்க வேண்டிய ஒன்று. மெதுவாக அடித்தால் விழாது. தம்பி அடித்தால் எவ்வளவு வேகத்திலும் விழாது, ஏனென்றால் அவர் விண்டோஸிலேயே வரும் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்துகிறார், அதில் மெய் முதலில், உயிர் பிறகு, மாற்றி வைக்கும் வேலையே இல்லை. "தமிழ் அடிக்கையில எனக்கு வரவே இல்லையே" என்று தம்பியும் "எனக்குத் தினமும் வருதே" என்று ஐயாவும் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான். இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சாதாரண ஃபயர்பாக்ஸில் இது ஏன் வரவில்லை என்ற கேள்வி பாக்கி. அதற்கு மோஸ்ரெக்ரெஷன் என்ற கருவி இருக்கிறது. நன்றாக ஓடிய ஒரு தேதியையும் விழ ஆரம்பித்த ஒரு தேதியையும் கொடுத்தால், நடுவில் இருக்கும் நைட்லியை இறக்கி, புது ப்ரொஃபைலோடு திறந்து காட்டும். நாம் நல்லது, கெட்டது என்று பதில் சொல்லச் சொல்ல இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும். ஒரு மாத இடைவெளி என்றால் ஐந்து பதிலில் ஒரு நாளுக்குள் வந்துவிடலாம். அதற்கப்புறம் அந்த நாளுக்குள் சேர்ந்த மாற்றங்களையும் இதே மாதிரி பிரித்துப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் ஒரு முழு பிரவுசரை இறக்குவதால் டேட்டா செலவாகும், அதைத் தாங்க முடிந்தால் இதைப் போல் ஒரு கருவி கிடையாது. ஒவ்வொரு பதிப்பிலும் கணக்கு ஐயாவே உட்கார்ந்து 'சென்னை', 'சென்னை' என்று அடித்துக்கொடுத்தார். அவர் வேகம் வேறு யாருக்கும் வராது.

கிடைத்த பதில் இதுதான். விண்டோஸில் விசைச் செய்திகளைக் கையாளும் விதத்தில் நைட்லியில் ஒரு மாற்றம் சேர்ந்திருந்தது. மாற்றத்தில் தப்பு எதுவும் இல்லை. பழைய டிஎல்எல்தான், தான் அனுப்பும் அழிப்பு விசை உடனே நடந்து முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டு, இல்லாத ஒன்றைத் தொடப்போய் விழுந்திருக்கிறது. அது விழுந்தது ஃபயர்பாக்ஸின் ப்ராசஸுக்குள் என்பதால் கூடவே ஃபயர்பாக்ஸும் போயிற்று. நைட்லியைத் தூக்கிவிட்டுச் சாதா பதிப்பைப் போட்டிருந்தால் இந்த மாற்றம் அங்கே வந்து சேரும் வரை நிம்மதியாக இருந்திருப்பார்கள், அதற்கப்புறம் இதே டைப்ரைட்டர் முறையில் அடிக்கும் ஒவ்வொரு பத்திர எழுத்தருக்கும் டிடிபி கடைக்கும் இது வந்திருக்கும். நைட்லியில் இருப்பவர் சொல்ல வேண்டும் என்று நான் அடித்துப் பேசுவது இதற்காகத்தான்.

தேர்ட்-பார்ட்டி பக்கத்திலேயே ஒரு கோப்பை ஏறவிடாமல் தடுக்கும் பொத்தான் உண்டு. தடுத்துவிட்டு பிரவுசரை மூடித் திறந்தோம், கிராஷ் நின்றது. ஆனால் ஐயாவுக்கு பிரவுசரில் தமிழும் நின்றது. இதைத் தீர்வு என்று விட்டுவிட்டு வர முடியாது. வயதானவரிடம் போய் "தமிழ்99 கத்துக்குங்க" என்று சொல்வதும் நியாயம் இல்லை. அதே டைப்ரைட்டர் அமைப்பை, கொக்கி போடாமல், விண்டோஸ் இதற்கென்றே தரும் உரைச் சேவை வழியாகத் தரும் புதிய விசைப்பலகை ஒன்றைப் போட்டோம். இரண்டு மூன்று குறியீடுகளின் இடம் மட்டும் மாறியிருந்தது, அதையும் பழைய இடத்துக்கே மாற்றிக் கொடுத்தேன்.

மதியத்துக் கிராஷ்

இடம் மாறி மாறி விழுவது ரேம் கோளாறின் நடத்தை. ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் பயன்படாத நினைவகத்தைத் தேடும்போது நினைவகம் முழுக்க நடந்துபோய் ஒவ்வொரு சுட்டியையும் (நினைவகத்தில் வேறோர் இடத்தைக் காட்டும் முகவரி) தொடுகிறது, எங்காவது ஒரு பிட், அதாவது 0 அல்லது 1, புரண்டிருந்தால் அந்த நேரத்தில்தான் இடறும். அறிக்கைகளில் அந்தப் பகுதியின் பெயர் அதிகம் வந்தது அதனால்தான்.

ரேம் கெட்டால் எல்லா மென்பொருளும் விழ வேண்டாமா என்று தம்பி கேட்டார், நல்ல கேள்வி. விழும்தான். ஆனால் அந்தக் கணினியில் ரேமை அதிகம் பிடித்துவைப்பது பிரவுசர், நாள் முழுக்கத் திறந்திருப்பதும் அதுதான். கெட்டுப்போன ஒரு செல் யார் கையில் போய்ச் சேரும் என்றால், பெரும்பாலும் அதன் கையில்தான். விசாரித்தபோது எப்போதாவது நீலத்திரை வந்ததும் உண்டு என்றார்கள். அதை விண்டோஸ் அப்டேட்டின் தலையில் போட்டிருந்தார்கள்.

விண்டோஸிலேயே வரும் நினைவகச் சோதனையைக் காலையில் ஓட்டினோம், ஒன்றும் இல்லை என்றது. அதை நம்பி விட்டுவிடக் கூடாது. மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனைக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, மதிய வெயிலில், மற்ற நாட்களைப் போலவே அறைக் கதவைச் சாத்தி வைத்து ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. எழுதிய மதிப்பு ஒன்று, திரும்பப் படித்த மதிப்பு வேறு, இரண்டுக்கும் ஒரே ஒரு பிட் வித்தியாசம். திரும்பத் திரும்ப அதே பிட்.

பெட்டியைத் திறந்தபோது வெப்பத்துக்குக் காரணமும் தெரிந்தது. கல் வார்க்கும்போது கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையைத் தூவுவார்கள். அந்தத் தூசி காற்றில் வந்து விசிறியிலும் வெப்பம் தணிக்கும் தகட்டிலும் படிந்து, ஈரம் பட்டு இறுகி, சாம்பல் நிறப் பொருக்காகி இருந்தது. ஊதினால் போகாது. விசிறியைக் கழற்றிப் பிரஷ்ஷால் பொறுமையாகச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரேமின் தங்க நிற முனைகளை ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் போட்டு ஓட்டினோம், பிழை குறைந்தது, ஆனால் போகவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, இடத்தை மாற்றி மாற்றி ஓட்டியதில் பிழை ஒரே ஒரு ரேமோடு கூடவே போனது. ஸ்லாட்டில் கோளாறு இல்லை, ரேம்தான். அதை மாற்றியதும் மெம்டெஸ்ட் இரவு முழுக்கச் சுத்தமாக ஓடியது. கணினியையும் கொட்டகைப் பக்கத்துச் சுவரிலிருந்து எடுத்து எதிர்ச் சுவருக்கு மாற்றினோம்.

நினைவகம் போதவில்லை என்று எழுதியிருந்த மூன்றாவது வகை சீக்கிரம் முடிந்தது. முன்பு யாரோ "வேகமா ஓடும்" என்று விண்டோஸின் பேஜ் ஃபைலை, அதாவது ரேமுக்குத் துணையாக டிஸ்கில் வைத்துக்கொள்ளும் கோப்பை, அணைத்து வைத்திருந்தார்கள். அணைத்தால், மென்பொருள்கள் முன்பதிவாகக் கேட்டு வைக்கும் நினைவகம் எல்லாம் உண்மையான ரேமின் அளவுக்குள்ளேயே அடங்க வேண்டும். ரேமில் இடம் காலியாகத் தெரியும்போதே விண்டோஸ் இல்லை என்று சொல்லிவிடும். ஃபயர்பாக்ஸ் 105இலிருந்து, 2022 செப்டம்பரில் வந்தது, இப்படி மறுக்கப்பட்டால் உடனே விழாமல் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டுப் பார்க்கும். ஆனால் பேஜ் ஃபைலே இல்லாதபோது எவ்வளவு பொறுத்தாலும் வளர்த்துக் கொடுக்க இடம் இருக்காது. பெரிய கல் படங்களைத் தம்பி ஒரே நேரத்தில் ஏற்றும்போது அதுதான் நடந்தது. பேஜ் ஃபைலை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றிவிட்டோம், அவ்வளவுதான்.

அறிக்கைகளைப் படிக்கும்போது கண்ணில் பட்டால் விடக் கூடாத ஒன்றையும் சொல்கிறேன். கிராஷ் ஆன முகவரி e5e5e5e5 என்று e5 ஆகவே வரிசையாக வந்தால், ஃபயர்பாக்ஸ் விடுவித்துவிட்ட நினைவகத்தை அதன் நிரல் மறுபடியும் தொட்டிருக்கிறது என்று பொருள். விடுவிக்கும்போது அந்த எண்ணை நிரப்பி வைப்பது இதைக் காட்டிக்கொடுக்கத்தான். அது பாதுகாப்புச் சிக்கலாக இருக்கக்கூடும், மொசில்லாவின் பிழைப் பதிவுத் தளமான பக்சில்லாவில் பதியும்போது பாதுகாப்புப் பிழை என்று குறித்துவிடுங்கள், பொதுப் பார்வைக்கு வராது. பட்டறைக் கணினியில் அப்படி எதுவும் இல்லை.

விசைப்பலகைக் கிராஷைப் பக்சில்லாவில் பதிந்தோம். தம்பிதான் எழுதினார், நான் பக்கத்தில் இருந்தேன். "தமிழ் அடித்தால் விழுகிறது" என்று ஒரு வரி எழுதினால் அதை எடுத்து வேலை செய்ய யாராலும் முடியாது. டிஎல்எல்லின் பெயரும் பதிப்பும், கிராஷ் அறிக்கை எண்கள், மோஸ்ரெக்ரெஷன் காட்டிய மாற்றம், எந்தக் கட்டத்தில் எந்த விசைகளை எந்த வரிசையில் எவ்வளவு வேகத்தில், கொம்பு இல்லாத சொல்லில் வரவில்லை என்பது வரை எழுதினார். தமிழ் தெரியாத ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தன் கணினியில் விழ வைக்க வேண்டும், அதுதான் அளவுகோல். இத்தகைய கோப்புகளை ஃபயர்பாக்ஸ் தானாகவே ஏற்றாமல் விடும் தடைப்பட்டியல் ஒன்று மொசில்லாவிடம் இருக்கிறது, இந்தப் பதிப்பு டிஎல்எல்லை அதில் சேர்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறோம்.

தம்பி நைட்லியிலேயே தொடர்கிறார். ஜிஎஸ்டி, வங்கி வேலைகளுக்கு மட்டும் சாதா ஃபயர்பாக்ஸைக் கூடவே நிறுவியிருக்கிறோம். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து இரண்டுக்கும் தனித்தனி ப்ரொஃபைல் என்பதால் ஒன்றின் தரவு மற்றொன்றில் கலக்காது. பழைய விசைப்பலகை மென்பொருள் முதலாளி வீட்டு முகப்பில் இருக்கும் மடிக்கணினியில் இன்னும் இருக்கிறது. கணக்கு ஐயா அங்கே உட்காரும் நாள் பார்த்து அதையும் மாற்ற வேண்டும்.